ஒரு பருவத்துக்கு ஒரு செயலி: தொடக்க வகுப்புக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

தொடக்க வகுப்புக்கு நல்ல இலவசச் செயலி எது என்று நாலு ஆசிரியர்களிடம் கேட்டால் ஆளுக்கு ஐந்து பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் எல்லாம் நல்லவைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு செயலி கைப்பழக்கம் ஆகவே இரண்டு மூன்று வகுப்புகள் போய்விடும். எந்தப் பொத்தானைத் தொட்டால் என்ன வரும் என்கிற பரபரப்பு அடங்கிய பிறகுதான் 'இதை வைத்து நான் என்ன செய்யலாம்' என்ற யோசனை தலைகாட்டும். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் அந்த யோசனை வரும் நாளே வராது. ஆகவே ஒரு பருவத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்று எது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று. மணி அடிக்கும்போது திரையில் இருப்பதில் பிள்ளை செய்தது எவ்வளவு, செயலி செய்தது எவ்வளவு? ஆயத்த வடிவம் ஒன்றைத் தொட்டதும் பளபளவென்று சுவரொட்டி வந்து நிற்கிறது. பார்க்க அழகுதான். முப்பது பேர் செய்த முப்பதும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால், அங்கே வேலை பார்த்தது செயலி. பிள்ளைகள் பெயர் எழுதியதோடு சரி. இப்படி ஆயத்த வடிவங்கள் தரும் கேன்வாவின் கல்விப் பதிப்பு பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசம், நிறைய வசதிகள் உண்டு. ஆனாலும் தொடக்க வகுப்பில் அதை ஆசிரியரின் கருவியாகத்தான் நினைக்கிறேன். பிள்ளைகளிடம் கொடுப்பதானால் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும். ஒரு வரி சொன்னால் படம் வரைந்து தருகிற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இந்த அளவுகோலில் முதல் சுற்றிலேயே வெளியே போகின்றன.

எந்த இலவசம்?

இலவசத்திலும் வகை உண்டு. கட்டளைகளை அடுக்கிக் கதை செய்யும் ஸ்கிராட்ச், ஸ்கிராட்ச் ஜூனியர், வரைவதற்கான டக்ஸ் பெயிண்ட், கல்வி விளையாட்டுகள் அடங்கிய ஜிகாம்ப்ரி போன்றவை லாப நோக்கம் இல்லாதவர்களும் தன்னார்வலர்களும் உருவாக்கியவை. நாளைக்குத் திடீரென்று காசு கேட்டு நிற்காது. மின்நூல் செய்யும் புக் கிரியேட்டர், குறிப்பு ஒட்டும் பலகையான பேட்லெட், வினாடி வினாவுக்கான கஹூட், அசைபடம் எடுக்கும் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ எல்லாம் அடுத்த வகை: அடிப்படை இலவசம், மேலே போனால் கட்டணம். இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் எந்த இடத்தில் கதவு மூடும் என்று பருவம் தொடங்குமுன் பார்த்துவிட வேண்டும். எத்தனை நூல், எத்தனை பலகை, எத்தனை பேர் என்ற வரம்பு நிறுவனம் நினைத்தால் மாறும். பாதி வகுப்பு கதையை முடித்த நிலையில் 'மேற்கொண்டு சேமிக்கப் பணம் செலுத்துக' என்று வந்தால் அழுகிற பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாது. மூன்றாவது வகை, விளம்பரத்தோடு வரும் இலவசம். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத விலையும் ஒன்று இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த நூற்றறுபதுக்கும் மேற்பட்ட கல்விக் கருவிகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 89 விழுக்காடு, பிள்ளைகளின் உரிமைகளைப் பாதிக்கக்கூடிய விதத்தில் தகவல்களைக் கையாண்டதாக அது சொன்னது. அரசே பரிந்துரைத்தவற்றின் நிலை இது. கணக்குத் தொடங்கும்போது பல தளங்கள் '13 வயது ஆகிவிட்டதா' என்று கேட்பதற்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குழந்தைகள் தனியுரிமைச் சட்டம். வகுப்பே பொய்ப் பிறந்த தேதி போட்டு உள்ளே போவது வழக்கமாகிவிட்ட இடங்களும் உண்டு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இணையத்தில் நாம் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அதுவாக இருக்க வேண்டாமே. லாகின் இல்லாமலே வேலை செய்யும் கருவி கிடைக்கிறதென்றால் அதற்கு என் கணக்கில் பாதி மதிப்பெண் அப்போதே போட்டாயிற்று.

ஒரே ஒரு போன்தான் இருக்கிறது என்றால்

பலருக்கு இதுதான் நிலைமை, ஆசிரியரின் சொந்தப் போன். இதைக் குறையாக நினைத்துக் கருவிகளுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. படைப்பு வேலைக்கு ஒரு போனே போதும் என்பது என் கட்சி. ஒரு கருவியைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றால் பேச்சு தானாக நடக்கும். ஆளுக்கொரு திரை கொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும், அந்த அமைதியை எல்லாரும் ஒழுக்கம் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இங்கே தேர்வு இரண்டுக்கு இடையில்: குரல் பதிவு, ஸ்டாப் மோஷன் (நிழற்படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பொருள் தானே அசைவது போலக் காட்டும் படம்). குரல் பதிவுக்கு எந்தச் செயலியும் தேவையில்லை, போனிலேயே இருக்கிறது. பாடத்தில் வரும் ஒரு கதையை வானொலி நாடகமாக்கலாம். தாளை மெல்லக் கசக்கினால் நெருப்பு எரிகிற ஓசை, இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் குதிரைக் குளம்பொலி. வாய்விட்டு வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் 'இன்னொரு தடவை எடுக்கலாம் டீச்சர்' என்று தாமாகவே நாலு முறை வாசிப்பார்கள். வாசிப்புப் பயிற்சிக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. வெட்டி ஒட்ட வேண்டுமானால் ஆசிரியரின் கணினியில் ஆடாசிட்டி என்ற திறமூல மென்பொருள் போதும்.

ஆனால் ஒரு பருவம் முழுக்கத் தாங்குவது ஸ்டாப் மோஷன்தான். பொருளைக் கொஞ்சம் நகர்த்து, படம் எடு, மறுபடி நகர்த்து, மறுபடி எடு. ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பிலேயே வேலை முடியும். முந்தைய படம் மங்கலாகத் திரையில் தெரிவதால் எவ்வளவு நகர்த்தினோம் என்பது பிள்ளைக்குப் புரிகிறது. விதை முளைப்பதை எடுத்துக்கொள்வோம். மேசையில் கறுப்புத் தாள், அதன் மேல் களிமண்ணில் செய்த விதை. இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, நடுவில் விட்ட இடைவெளிமேல் போனைத் திரை மேலே இருக்கும்படி பாலம் போல வைத்தால் கேமரா நேராகக் கீழே பார்க்கும், முக்காலி தேவையில்லை. ஒருவர் நகர்த்துகிறார், ஒருவர் பொத்தானைத் தொடுகிறார், ஒருவருடைய வேலை 'கை!' என்று கத்துவது மட்டுமே, யார் கையாவது சட்டகத்துக்குள் இருந்தால். நான்காமவரிடம், காட்சிகளை வரிசையாக வரைந்த கதைத் தாள்.

விநாடிக்கு 6 படம் என்று வைத்தால் 10 விநாடிப் படத்துக்கு 60 படம் எடுக்க வேண்டும். வேர் 20 படத்தில் வரவேண்டும் என்றால் மிச்சம் தண்டுக்கும் இலைக்கும் எவ்வளவு? பெருக்கலும் பங்கீடும் இங்கே யாரும் கேட்காமலே வருகின்றன. அதைவிட முக்கியம், வேர் முதலில் வருமா தண்டு முதலில் வருமா என்று குழுவுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டையைத் தீர்க்கப் பாடநூலைத் திறப்பார்கள். ஒரு அறிவியல் பாடத்தில் பிள்ளைகள் தாமாகப் புத்தகம் திறக்க வேறென்ன வேண்டும்? ஒரு எச்சரிக்கை மட்டும்: சன்னலோரத்தில் எடுக்காதீர்கள். மேகம் வந்து போகிற ஒவ்வொரு தடவையும் படம் மினுங்கும்.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குழுதான் படம் எடுக்க முடியும். மற்ற குழுக்கள் அந்த நேரத்தில் கதைத் தாள் வரைவதும் களிமண் உருவம் செய்வதுமாக இருக்க வேண்டும். இதைத் திட்டமிடாமல் இறங்கினால் வகுப்பு சந்தைதான்.

வெளியே போய்ச் செடி கொடி பார்க்கிற வகுப்புக்கு, ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கை அவதானிப்புத் தளம் தரும் சீக் செயலியும் ஒரு போனுக்கு ஏற்றது. கேமராவைக் காட்டினால் தாவரத்தையும் பூச்சியையும் அடையாளம் சொல்லப் பார்க்கும், கணக்கும் கேட்காது. ஆனால் அது பெயர் சொல்லும் கருவி. பிள்ளைகள் முதலில் பார்த்து, வரைந்து, ஒரு ஊகமும் எழுதிவிட்ட பிறகு காட்டினால்தான் பயன்.

நாலு பேருக்கு ஒரு டேப்லெட்

இங்கே போட்டி ஸ்கிராட்ச் ஜூனியருக்கும் புக் கிரியேட்டருக்கும். ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்கிராட்ச் ஜூனியர். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேபும் பிளேஃபுல் இன்வென்ஷன் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2014இல் வெளியிட்டது. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளை நினைத்துச் செய்ததால் கட்டளைகளெல்லாம் படம் போட்ட கட்டைகள்; அவற்றை வரிசையாக அடுக்கினால் பாத்திரங்கள் அசையும், பேசும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் இயக்கலாம். லாகின் கிடையாது, இணைய இணைப்பும் தேவையில்லை.

இதை 'கோடிங் கற்றுக்கொடுக்கும் செயலி' என்று விளம்பரம் செய்வது எனக்குப் பிடிப்பதில்லை. கதை சொல்லும் மேடை என்று பாருங்கள். மேடை அகலத்தில் 20 கட்டம், உயரத்தில் 15 கட்டம். பூனை வலப்பக்கம் 5 கட்டம் போகிறது, நாயைப் பார்த்து 'எங்கே போற?' என்கிறது. நாய் பதில் சொல்ல வேண்டும். ஓடவிடும் பொத்தானான பச்சைக் கொடியைத் தொட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசிவிடுகின்றன! இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. சில குழுக்கள் நாய்க்குக் 'காத்திரு' கட்டையைப் போடும். அதில் எண் விநாடியின் பத்தில் ஒரு பங்கில் இருக்கும், ஆகவே 10 என்றால் ஒரு விநாடி; பூனை பேசி முடிக்க எத்தனை ஆகும் என்று ஓடவிட்டுப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். வேறு சில குழுக்கள் உறை வடிவக் கட்டையைக் கண்டுபிடிக்கும். பூனை பேசி முடித்ததும் ஒரு உறையை அனுப்பும், உறை வந்ததும் நாய் பேசும். நேரத்தை அளப்பதா, செய்திக்குக் காத்திருப்பதா என்பது பெரிய மென்பொருள்களிலும் வருகிற கேள்வி. ஆறு வயதில் அதை ஒரு நாய்க்காகத் தீர்க்கிறார்கள்.

ஒரு திட்டத்துக்கு நான்கு பக்கம்தான். இது வரம்பு போலத் தெரியும், எனக்கு வரம். தொடக்கம், ஒரு சிக்கல், ஒரு முயற்சி, முடிவு. நான்கு பக்கத்துக்குள் அடக்கத் தெரிந்தால் கதை எழுதத் தெரிந்துவிட்டது என்று பொருள். பாத்திரங்களைத் தாமே வரையலாம், குரலையும் பதியலாம். தட்டச்சு தெரியாத வயதில் வசனத்தைத் தம் மொழியிலேயே பேசிப் பதிகிற வசதி பெரிய விஷயம்.

மூன்றாம் வகுப்புக்கு மேல், எழுத்துதான் நோக்கம் என்றால், புக் கிரியேட்டர். படம், குரல், எழுத்து மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். இலவசத்தில் ஒரு நூலகம், அதற்குள் குறிப்பிட்ட எண்ணிக்கை நூல்கள். ஆளுக்கொரு நூல் என்று போகாமல் குழுவுக்கு ஒரு நூல் என்று வைத்தால் அது தாராளம். தமிழில் எழுதப்போகிறீர்கள் என்றால் முதலில் நீங்களே 'கொக்கு', 'பௌர்ணமி' என்று தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து பாருங்கள். திரையில் சரியாக இருக்கும் கொம்பு, அச்சில் இடம் மாறி நிற்பதுண்டு. எந்தச் செயலியாக இருந்தாலும் இந்தச் சோதனை இல்லாமல் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

எழுதப் பொருள் கிடைக்காத வகுப்புக்கு ஸ்டோரிவீவர் கைகொடுக்கும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இந்தத் தளத்தில் கதைகளும் படங்களும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. எழுத்தை மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் காட்டி, பிள்ளைகளின் கதையை எழுதச் சொல்லலாம். பிறகு மூலக் கதையைப் படித்தால் வருகிற விவாதம் தனி.

டேப்லெட்டில் எது நடந்தாலும் ஒரு விதி வேண்டும்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். இல்லாவிட்டால் குரல் உயர்ந்த பிள்ளை செய்யும், மற்ற மூவர் பார்ப்பார்கள். கருவி எத்தனை நல்லதானாலும் இதை அது கவனித்துக்கொள்ளாது.

கணினி அறை கிடைத்தால்

பழைய கணினிகள்தான் என்றாலும் டக்ஸ் பெயிண்ட் ஓடும். 2002இலிருந்து இருக்கிறது, விளம்பரம் இல்லை, இணையம் வேண்டாம். சேமிக்கும்போது கோப்புப் பெயர் கேட்டு மிரட்டாது. வரைந்தவை சின்னப் படங்களாக வரிசையில் நிற்கும். ஒன்றன்பின் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வரைந்து காட்சியாக ஓடவிட்டால் அசையும் படமே செய்யலாம். முதல் இரண்டு வகுப்புக்கு இதைவிட வேறு எதையும் கணினியில் போட வேண்டியதில்லை.

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஸ்கிராட்ச். எம்ஐடியில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007இல் வெளியிட்டது, எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இணையச் சமூகத்தில் மற்றவர் செய்ததை எடுத்து மாற்றிச் செய்யலாம் என்பது அதன் பலம், பத்து வயதில் அது கவனச்சிதறலும்கூட. முதல் பருவத்துக்கு இணையம் தேவைப்படாத பதிப்பை நிறுவிவிட்டால் கணக்கும் வேண்டாம், பொதுவெளிக் கருத்துகளும் வேண்டாம்.

இணையத்தில் இசை அமைக்க உதவும் குரோம் மியூசிக் லேபின் சாங் மேக்கர் ஒரு வகுப்புக்கு அற்புதம். கட்டங்களில் தம் பெயரின் முதல் எழுத்தை வரைந்து அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்கலாம். சேமித்தால் ஓர் இணைப்பு கிடைக்கும், லாகின் வேண்டாம். ஒரு பருவத்துக்கு அது தாங்காது, தாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்டாப் மோஷன் படத்துக்கு இசை வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும் நாளில் திறக்கலாம்.

யாரும் கவனிக்காத ஒன்று, பவர்பாயின்ட் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸ். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பொத்தான் வைத்து 'குகைக்குள் போ', 'ஆற்றைக் கட' என்று வெவ்வேறு பக்கங்களுக்கு இணைத்தால், வாசிப்பவரே வழி தேர்ந்தெடுக்கும் கதை தயார். முதலில் தாளில் கிளை பிரித்து வரைய வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியரும் சேர்ந்து தொலைந்து போவார்.

வினாடி வினாச் செயலிகள்

கஹூட், வேகிரவுண்ட் என்று 2025இல் பெயர் மாறிய குவிஸிஸ், பிளிக்கர்ஸ். பிள்ளைகளுக்கு உற்சாகம், ஆசிரியருக்கு வேலை மிச்சம். ஆனால் படைப்பாற்றல் என்ற பெயரில் இவற்றை வகுப்புக்குள் கொண்டுவருவதை நான் ஏற்கமாட்டேன். கஹூட்டின் வழக்கமான முறையில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்கு விடை தெரிந்தும் பின்தங்க நேரிடும். மூன்றில் ஒன்று வேண்டுமென்றால் பிளிக்கர்ஸ். ஆசிரியரிடம் ஒரு போன், பிள்ளைகள் கையில் காகித அட்டை. அட்டையை எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார்கள் என்பதே விடை, அட்டைக்கு அட்டை உருவம் வேறு என்பதால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பிடிக்க முடியாது. அவசரமும் இல்லை.

இவற்றைப் படைப்புக் கருவியாக்க ஒரு வழி இருக்கிறது: கேள்வியைப் பிள்ளைகள் எழுத வேண்டும், அதிலும் தவறான விடைகளை. 305இலிருந்து 178ஐக் கழித்தால் 127. இதற்கு மூன்று தவறான விடை எழுதச் சொன்னால் முதலில் 5, 1000 என்று எதையாவது போடுவார்கள். 'ஒருத்தர் உண்மையிலேயே ஏமாந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி வேண்டும்' என்று சொன்னதும் யோசிக்கத் தொடங்குவார்கள். ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் 273 வரும். கடன் வாங்கிய பத்துகளில் ஒன்று குறைக்க மறந்தால் 137 வரும். எந்தத் தவறு எங்கே நடக்கும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கழித்தல் நன்றாகவே தெரியும். இதற்கு முதலில் வேண்டியது தாளும் பென்சிலும்தான். செயலி கடைசிப் பத்து நிமிடத்துக்கு.

முடிவெடுத்த பிறகு

எதிலிருந்து தொடங்குவது என்று தடுமாறுபவருக்கு என் விடை: ஒரு போன், ஸ்டாப் மோஷன், ஏற்கனவே நடத்தப்போகிற ஒரு பாடம். செயலிக்காகப் பாடம் தேட வேண்டாம். ஒன்றாம் வகுப்பு, டேப்லெட்டும் இருக்கிறது என்றால் மட்டும் ஸ்கிராட்ச் ஜூனியர்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பிள்ளைகளின் வேலையை வெளியே எடுத்து வைக்கும் வழி தெரிந்திருக்க வேண்டும். கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2018இல் வாங்கிய, பிள்ளைகள் வீடியோவில் பதில் சொல்லும் ஃப்ளிப்கிரிட், பிறகு ஃப்ளிப் என்று பெயர் மாறி, 2024இல் தனிச் செயலியாக இருப்பது நின்றுபோனது. பல ஆசிரியர்கள் வகுப்பையே அதன்மேல் கட்டியிருந்தார்கள். ஸ்டாப் மோஷன் படத்தை வீடியோவாகவும், புக் கிரியேட்டர் நூலைப் பிடிஎஃப் ஆகவும் இறக்கிப் பள்ளிக் கணினியில் ஒரு பிரதி வைத்துவிடலாம். முகம் தெரியும் படங்களை யாருக்கும் அனுப்புமுன் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஸ்கிராட்ச் ஜூனியரில் செய்தது அந்த டேப்லெட்டிலேயே தங்கிவிடும். இன்னொரு ஸ்கிராட்ச் ஜூனியருக்கு அனுப்பலாமே தவிர, அந்தச் செயலி இல்லாத போனில் பெற்றோர் திறந்து பார்க்க முடியாது. ஆகவே டேப்லெட்டின் பின்னால் குழு எண்ணை ஒட்டி, அதே குழுவுக்கு அதையே கொடுங்கள். பருவம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு கதையையும் ஓடவிட்டுத் திரைப்பதிவாக எடுத்துவிடுங்கள். கடைசி நாளில் சார்ஜ் இருக்காது.